ரெண்டாவது பிளேட் கேட்டவன் பேர்

1. போர்டு

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனாலும் எழுபதுகளில் எளாவூர் செக்போஸ்டில் நின்ற லாரிகளில் பாதி, இந்தக் கன்னியப்பன் குழம்பு வாசனைக்குத்தான் நின்றது. மீதிப் பாதியைத்தான் செக்போஸ்ட்காரர்கள் நிறுத்தினார்கள்.

அங்கே ஒரு கூரை ஓட்டலில் நான் சரக்கு மாஸ்டர். குழம்பு, தொக்கு, வறுவல் எல்லாம் என் கை. வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் மஸ்தான் குருமா, ரங்கன் வறுவல், பல்ராம் சிங் பருப்பு என்று எழுதியிருக்கும். சமையலில் பெரிய புலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மூணு பேரும் லாரி டிரைவர்கள். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

அது முதலாளி சுப்பராயலு போட்ட ரூல். புது ஐட்டம் இறக்கும் நாளில், எவன் முதல் பிளேட்டை முடித்து ரெண்டாவது கேட்கிறானோ, அவன் பேர்தான் அந்த ஐட்டத்துக்கு. போர்டில் தன் பேர் இருக்கிற டிரைவர் வேறு ஓட்டலுக்கு வண்டியைத் திருப்ப மாட்டான். கூட நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வருவான்.

கல்யாணம் ஆகும்வரை நான் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. தலை ஆடிக்கு அழைக்க ஆர்.கே.பேட்டையிலிருந்து மச்சான் தேவராஜ் ஓட்டலுக்கே வந்தார். போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“இன்னா மாப்ள, எல்லாம் நீ செஞ்சதுன்ற. உன் பேரு எங்க? பாத்திரம் கழுவிக்கினு இருக்கியா?”

ரோஷம் வந்துவிட்டது. “போர்டுல என் பேரு ஏறாம உங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி வள்ளி பிடித்துக்கொண்டாள். “ஆடிக்கு எட்டு நாளுதான் கீது. சபதம் போட உனுக்கு எங்கம்மா ஊடுதான் கெடச்சிதா?”

2. எறா

மறுநாள் முதலாளியிடம் போனேன். “மொதலாளி, நானே உக்காந்து துன்னா?”

“பெஞ்சுல உக்காந்தா நீயும் கஸ்டமர்தான். ரூல் எல்லாருக்கும் ஒண்ணு.”

பழவேற்காட்டிலிருந்து எறா வரவழைத்துத் தொக்கு வைத்தேன். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. படித்தவனுக்கு இந்த யோசனை வராது. காரத்தை ரெண்டு பங்காக்கினால் ஒருத்தனும் வேகமாகச் சாப்பிட முடியாது. நான் நிதானமாக முடித்து ரெண்டாவது பிளேட் கேட்கலாம். குண்டூர் மிளகாயை அள்ளி அள்ளிப் போட்டேன். நமக்கென்ன, அடுப்புப் புகையிலேயே வளர்ந்த உடம்பு.

மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நெல்லூர் டிரைவர் வெங்கையா. மூணாவது வாயிலேயே எதிர் பெஞ்சில் ரெண்டு பேர் குழாயடிக்கு ஓடினார்கள். என் யோசனை சரிதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாதி பிளேட்டில், போர்டில் எழுதவேண்டிய என் பேரே எனக்கு மறந்துபோனது.

வெங்கையா தட்டை வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்தார். “நைனா, இன்னொரு பிளேட்டு. மொளகா போட மறந்துட்டியா? பச்ச மொளகா நாலு குடு, கடிச்சிக்கிறேன்.”

என்னால் அழக்கூட முடியவில்லை. கண்ணில் தண்ணி தீர்ந்துபோயிருந்தது. பாத்திரம் கழுவும் ராஜம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரே மடக்கு.

“இன்னொரு டம்ளர்” என்றேன்.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். “ராஜம்மா, இந்த மோரை இதுக்கு முன்ன யாருக்காவது குடுத்திருக்கியா?”

“இல்ல மொதலாளி, நான் குடிக்கக் கலக்கினது.”

“அப்ப இதுவும் புது ஐட்டம்.” சாக்பீஸை எடுத்து எழுதினார். வெங்கையா எறா. அதுக்குக் கீழே, கன்னியப்பன் மோர்.

“மொதலாளி, கலக்கினது ராஜம்மா.”

“எறா செஞ்சது யாரு? நீ. பேரு யாருது? ரூல்னா ரூலு.”

3. ஆர்.கே.பேட்டை

எப்படியோ பேர் ஏறிவிட்டது. வள்ளி புதுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். மாமியார் வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. மச்சான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்: “எங்க மாப்ள பேர்ல எளாவூர்ல மோரே ஓடுது.”

மாமியார் ஒரு அண்டா தயிரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சொந்தக்காரர்கள் இருபது பேர் டம்ளரோடு உட்கார்ந்துவிட்டார்கள். ராஜம்மா அந்த மோரில் என்ன போட்டாள் என்று நான் கேட்டிருக்கவே இல்லை. இஞ்சியா, கறிவேப்பிலையா, சீரகமா? மூணையும் போட்டுக் கலக்கினேன்.

மச்சான் ஒரு டம்ளர் குடித்தார். ரெண்டாவது கேட்கவில்லை.

இளவட்டங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு ஐட்டத்துக்கு ஆள் பேர் வைத்திருந்தால், அந்த ஆளைத் தேடிப் போகாதீர்கள். அடுப்படியில் போய் விசாரியுங்கள். எளாவூர் திரும்பியதும் நானும் அப்படித்தான் ராஜம்மாவிடம் போனேன்.

“ராஜம்மா, அந்த மோருல இன்னா போட்ட?”

அவள் கழுவிக்கொண்டிருந்த குண்டானிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உன் பேருதான எழுதிக்கீது. உன்னியே கேட்டுக்கோ.”