பீரோவுக்குள் குடியிருந்த ஹெட்மாஸ்டர்

சின்ன வயதில் டிவியில் ஒரு பள்ளிக்கூடக் காமெடித் தொடர் பார்ப்பேன். அதில் ஹெட்மாஸ்டர் பீரோவுக்குள் குடியிருப்பார். தொடரின் பெயர் மறந்துவிட்டது; இணையத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. "கனவு கண்டிருப்ப" என்கிறார் கணவர்.

இன்று பட்டாபிராமில் ரயிலேறி, தோழியிடம் போனில் இதையே புலம்பிக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டு அக்கா துள்ளினார்.

"பீரோ சாரா? நானும் பாத்துகீறேன்மா! ஃபேனுக்குக்கூட அட்டெண்டன்ஸ் எடுப்பாரே!"

கட்டிப்பிடிக்காத குறைதான். "கடைசி எபிசோடுல வெளிய வந்தாராக்கா? அன்னிக்கு எங்க வீட்ல கரண்ட் இல்ல."

"அத்த ஏன் கேக்குற..." என்று சிரிக்கத் தொடங்கியவர், அம்பத்தூர் வந்ததும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். நான் கூட்டத்தை விலக்கி வாசலுக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. வெளியே வந்தாரா, இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "என்ன சீரியல்?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.