உள்ளே திறாங்கு போட்ட கதவு

மகள் வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து குசினிக்குள்ளே வைத்தாள். பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி ஒட்டிச் செய்த வீடு. கூரையைத் தனியாகக் கழற்றலாம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கையைச் சீலையில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

"இதுதான் அம்மா எங்கட புது வீடு. வடிவாய்ப் பாருங்கோ."

அவள் என் கடைசிப் பிள்ளை. கிளிநொச்சியில் வீடுகளுக்குப் படம் கீறுகிற ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். மூத்ததுகள் கலியாணம் முடித்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டதுகள். தகப்பனும் கண்ணை மூடிவிட்டார். இரணைமடு வாய்க்கால் ஓடுகிற இந்தப் பக்கத்தில் எங்கள் காணிக்குள் இப்போது நானும் அவளும்தான். சண்டைக்குள் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருந்தோம். மாரிக்கு மாரி சுவர் வெடித்து, கடைசியில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு வந்துவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவோம் என்று முடிவெடுத்தது அவள்தான்.

மட்டை வீட்டின் சுவரில் ஒரு சின்னத் துண்டை விரலால் இழுத்தாள். அது கீழே விழுந்து கட்டிலானது. திரும்பத் தள்ளினாள், வெறும் சுவர். வேறொரு துண்டை இழுத்தால் மேசை. ஒரு வாங்கு இருந்தது, மேலே ஆள் இருக்கலாம், மூடியைத் தூக்கினால் உள்ளே உடுப்பு வைக்கலாம். கதிரைகள் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரு பெட்டி மாதிரி ஆகிவிடும். கூரையில் வெயிலைப் பிடித்துக் கரண்ட் எடுக்கிற தட்டு.

"இனி வாற காலத்து வீடு இப்பிடித்தான் இருக்கும் அம்மா. சாமான் குறைவாய் இருக்கவேணும். இருக்கிற சாமான் ஒவ்வொண்டும் ரெண்டு வேலை, மூண்டு வேலை செய்யவேணும். உங்களுக்கும் குனிஞ்சு கூட்டிற வேலை மிச்சம்."

பக்கத்துக் காணியில் இருக்கிற மச்சாள், என் மனிசனின் தங்கச்சி, வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து சேர்ந்தாள். எங்கள் வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்கு எப்படியோ மணந்துவிடும். குந்தியிருந்து அந்தக் கட்டிலை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"ஏனடி பிள்ளை, ஆள் படுத்திருக்கேக்க இது சுவருக்குள்ள போகாதோ?"

"போகாது மாமி. கொளுக்கி இருக்கு."

"எனக்கெண்டால் நம்பிக்கை இல்லை. விடியக் கொம்மாவைக் காணேல்லையெண்டால் முதலில சுவரைத் தட்டிப் பார்."

எனக்கும் சிரிப்பு வந்தது. வீடு உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது. என் முழங்கால் இருக்கிற இருப்புக்குக் கட்டிலுக்கு அடியில் தும்புத்தடி விட்டுக் கூட்டுவது பெரிய பாடு. அந்த வாங்கும் எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் என் கண் ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தது. முன்வாசலில் ஒரு கதவு, குசினிக்குப் பின்னால் ஒரு கதவு, குளிக்கிற இடத்துக்கு ஒரு கதவு. வேறு கதவு இல்லை. மிச்சம் எல்லாம் ஒரே வெளி.

எனக்கு ஒரு அறையும் அதற்கு ஒரு கதவும் வேண்டும், உள்ளே நின்று பூட்டிக்கொள்ளத் திறாங்கு போட்ட கதவு. மற்றதெல்லாம் அவள் விருப்பத்துக்கு விட்டுவிடுவேன். இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

"நல்லாயிருக்குப் பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சோற்றை இறக்கப் போனேன்.

நான் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவள். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் கட்டிவிடும். கலியாணம் கட்டின புதிதில் மனிசனிடம்கூட உப்பு முடிந்துவிட்டது என்று சொல்லக் கூச்சப்பட்டு, வெறும் உப்புப் போத்தலை அவர் கண்ணில் படுகிற இடத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவளுக்கு முகாமில் இருந்த காலம் எப்படிப் போயிருக்கும் என்று நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு கூடாரத்துக்குள் எங்களோடு இன்னொரு குடும்பமும் இருந்தது. அங்கேயும் ஒவ்வொரு சாமானும் ரெண்டு மூன்று வேலை செய்ததுதான். பெட்டிதான் கதிரை, இரவிலே அதுதான் தலையணை. பாயையும் துணியையும் ஒவ்வொரு நாளும் விடியச் சுருட்டி வைக்காவிட்டால் கால் வைக்க இடமில்லை. குளிக்கிறது குழாயடியில், உடுத்த உடுப்போடு. ஈரச் சீலையை மாற்றுவதற்கு மூலையில் போய் நிற்பேன். மகள் ஒரு போர்வையைக் கை ரெண்டாலும் விரித்து, எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை. கை உளைந்து துணி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நான் அவதி அவதியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வருவேன். மற்றப் பெண்களும் அப்படித்தான் மாற்றினார்கள். சிலர் பகிடி விட்டுக்கொண்டே மாற்றுவார்கள். எனக்கு மட்டும் அது பழகவே இல்லை.

திரும்பி வந்து வீட்டுத்திட்ட வீடு எழும்பினபோது என் மனிசன் முன்கதவைப் போடுவதற்கு முதல் அறைக்கதவைப் போட்டார். வேம்பு நிலை, வேப்பம் பலகை. ஊரெல்லாம் சிரித்தது. வாசலில் சாக்குத் தொங்க, உள் அறைக்குத் திறாங்கோடு கதவு. நான் கேட்டு அவர் போடவில்லை, அவராகவே போட்டார். அன்றைக்கு உள்ளே போய்த் திறாங்கைப் போட்டுவிட்டு வெறும் நிலத்தில் கனநேரம் இருந்தேன். அழுதேன் என்றும் சொல்ல முடியாது. சும்மா இருந்தேன்.

வெளியே அவர் செருமினார். "என்ன, உள்ளுக்குப் பூசை ஏதும் நடக்குதோ? தேத்தண்ணி கிடைக்குமோ, கிடையாதோ?"

அந்தக் கதவைத்தான் மகள் இப்போது கழற்றச் சொன்னாள். எறிவதற்கு இல்லை. "அப்பா போட்ட கதவு வீணாய்ப் போகக்கூடாது அம்மா. அந்தப் பலகையில்தான் சுவர் மேசை செய்யப்போறன். ஒவ்வொரு நாளும் அதிலதான் சாப்பிடுவம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்காக யோசித்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்கு மேல் நான் எப்படி வாய் திறப்பது? கதவைக் கழற்றிப் பலகைகளோடு வைத்தார்கள். நிலையைக் கிளப்பி மாமரத்தில் சாத்தினார்கள். வீடு இடிந்தது. நாங்கள் மச்சாள் வீட்டு விறாந்தையில் படுத்தோம்.

கல்லு மண் வேலைக்கு வந்தவர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மேசன். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவரும் கனகாலம் வெளியூரில் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பினவர்தான். கை சுத்தம். கதை கொஞ்சம் கூட.

அத்திவாரம் முடிந்து, முன்வாசல் நிலை வைக்க நாள் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் நிலை வைப்பது சின்னக் காரியம் இல்லை. நிலையைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நல்ல நேரத்தில் தூக்கி நிறுத்துவார்கள். அப்படி மஞ்சளும் பொட்டும் பட்ட நிலையை நடாமல் கிடத்தி வைக்கக்கூடாது. அது வீட்டுக்கு ஆகாது என்பார்கள். படித்த ஆட்களும் அதில் கை வைக்கமாட்டார்கள்.

மஞ்சள் பூசுவது புருசன் இருக்கிற பெண்கள்தான். அதனால் மச்சாள் பூசினாள். நான் பின்னால், மாமரத்தடியில் தட்டத்தோடு நின்றேன். அவள் பூசி முடித்துவிட்டு மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் தட்டத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் என் பழைய நிலை சாத்தியபடி நின்றது.

நான் முதலே யோசித்து வைத்தேனா என்று கேட்டால், இல்லை. கையை மஞ்சளுக்குள் விட்டேன். நிலையின் ஒரு காலில் மேலிருந்து கீழே பூசினேன். பிறகு மற்றக் காலிலும் பூசினேன். தாலி கழற்றின பிறகு ஒரு நல்ல காரியத்துக்கு மஞ்சள் தொட்டது அதுதான் முதல் தரம்.

மச்சாள்தான் முதலில் கண்டாள். "உதென்ன மச்சாள் செய்யிறீர்? உமக்கென்ன விசரோ? அது பழசெல்லோ!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. மச்சாள் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள், என் மஞ்சள் கையைப் பார்த்தாள். நான் பூசினது சரியில்லை என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் போய்க் குங்குமத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பழைய நிலையின் ரெண்டு காலிலும் மூன்று மூன்று பொட்டு வைத்தாள்.

"ம். இப்ப சரி" என்றாள்.

நானா முன்வாசல் நிலையைத் தூக்கி நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து முடித்துவிட்டு, மகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, இண்டைக்கு நடுறது ஒரு நிலைதான் எண்டியள். இஞ்ச ரெண்டுக்குப் பொட்டு வச்சிருக்கு. எங்கட ஆக்களுக்கு இந்த வழக்கம் இல்லை. ஆனா உங்கட ஆக்களின்ர வீட்டில எத்தினை நிலை நட்டிருப்பன்! பொட்டு வச்ச நிலையை வெய்யிலுக்க விட்டிட்டு என்னால போகேலாது. எங்க நடுறது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

மகள் படத்தைச் சுருட்டிக்கொண்டு என்னைக் கடந்து போய், கிணற்றுக்கட்டின் மேல் இருந்தாள். கொஞ்சம் பொறுத்து நானும் போனேன்.

"எனக்கு வாயால சொல்லியிருக்கலாம்தானே அம்மா?"

"சொல்ல வரேல்லைப் பிள்ளை."

"அத்தினை பேருக்கு முன்னால நிலைக்கு மஞ்சள் பூச மட்டும் வந்ததோ?"

நான் கையில் காய்ந்திருந்த மஞ்சளைச் சுரண்டினேன்.

"வீட்டில நீங்களும் நானும்தான். ஆருக்குக் கதவு?"

"சீலை மாத்த" என்றேன்.

"பாத்ரூமுக்குள்ள மாத்தலாம்."

"நிலம் ஈரம். சீலை நனையும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது. கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"முகாமில உங்களுக்குத் துணி பிடிச்சது நானல்லோ. எனக்கு அப்ப இருந்த பயம் உங்களுக்குத் தெரியுமோ? துணிக்கு அங்கால நீங்கள் நிக்கிறீங்களோ இல்லையோ எண்டு பயம். வாற வழியில எத்தினை பேர் கண்ணுக்கு முன்னால இல்லாமல் போனவை. நீங்கள் ஒரு சத்தமும் போடமாட்டியள். நான் குனிஞ்சு துணிக்குக் கீழால உங்கட காலைப் பார்த்துக்கொண்டு நிப்பன். அதாலதான் துணி இறங்கிறது. கை உளைஞ்சில்லை."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருசம் அவளின் கை உளைவுதான் என்று நினைத்திருந்தேன்.

"இந்த வீட்டைக் கீறத் தொடங்கேக்க முதல் யோசிச்சதே அதுதான். எங்க நிண்டாலும் ஆளை ஆள் தெரியவேணும். கட்டில், மேசை எல்லாம் சுவருக்குள்ள போகவேணும், ஒண்டும் மறைக்கக்கூடாது."

இது புத்தகத்தில் படித்துக்கொண்டு வந்த புது நாகரிகம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அந்தப் போர்வைக்கு ஒரு பக்கம் நானும் மற்றப் பக்கம் அவளும் நின்றிருக்கிறோம். என் பக்கத்தை மட்டும்தான் நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப விடு பிள்ளை. நானாவிடம் சொல்லுவம், நிலையைக் கழுவிவிட்டு எடுத்து வைக்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"பொட்டு வச்சாச்சு. மாமி விடுவாவோ? ஊர் முழுக்கச் சொல்லித் திரிவா."

படத்தை விரித்துத் தொடையில் வைத்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வடக்குப் பக்க மூலையில் ஒரு கோடு போட்டாள்.

"ஒரு கட்டில் அளவுதான் வரும்."

"எனக்கு அது காணும்."

"கட்டில் மடியிற கட்டில்தான்."

"மடியட்டும்."

"மேசைக்கு வேற பலகை பார்க்கவேணும்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். முகம் தெளியவில்லை. வேலை முடியும்வரை அந்த மூலைப்பக்கம் அவள் அவ்வளவாகப் போகவும் இல்லை. நானாவே நிலையை நட்டு, என் பழைய கதவைக் கொண்டுவந்து கொழுவிவிட்டார். திறாங்குக்கு எண்ணெய் விட்டதும் அவர்தான்.

இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டோம். அவள் நினைத்த மாதிரியே வீடு இருக்கிறது. விடியக் கட்டிலை மடித்துச் சுவருக்குள் தள்ளினால் வெளி விரிந்துவிடும். மாங்குளத்தில் வாங்கின பலகையில் மேசை. வாங்குக்குள் என் சீலைகள். பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பார்த்து அதிசயப்படுகிறார்கள். மூலைக் கதவைக் கண்டால், இது ஏன் என்று கேட்கிறார்கள். மகள் "அது அம்மாவின்ர" என்று மட்டும் சொல்லுவாள்.

வந்த அடுத்த நாள் காலையில் குளித்துவிட்டு, உலர்ந்த சீலையோடு அறைக்குள் போய்த் திறாங்கைப் போட்டேன். வெளியே அவள் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று தள்ளி அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திறாங்கு விழுந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கதவுக்கு அங்காலே அவள் நிற்கிறாள் என்று தெரிந்தது. கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை.

நான் சீலைக் கொய்யகத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பிள்ளை, மீன்காரர் போயிட்டாரோ?"

"இன்னும் வரேல்லை அம்மா."

"வந்தால் குளத்து மீன் இருக்கோ எண்டு கேள். நேற்றுக் கொண்டுவந்தது பழசு."

"ம்."

"மாமிக்கும் சேர்த்து வாங்குவம். அவவின்ர மனிசனுக்குக் காய்ச்சலாம்."

"ஆர் சொன்னது?"

"அவதான் சொன்னவா, வேலியடியில நிண்டு…"

கதிரைச் சத்தம் திரும்பவும் தொடங்கியது. நான் சீலையை ஆறுதலாகவே உடுத்தேன், கதைத்துக்கொண்டே.