விலை கூட

கமலாம்பிகைக்குக் கணவனின் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வராது. கலியாணமாகிப் பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "விலை கூட" என்பாள், காசு அதிகம் என்பதுதான் ஒரே குறை என்பதுபோல. இராஜரட்ணம் பெரிய டிவி ஒன்றுக்கு ஆசைப்பட்டபோதும் விலை கூட. யாரோ ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பழைய வான் வாங்கப்போகிறேன் என்று துள்ளியபோதும் விலை கூட. அந்தக் கூட்டாளியை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்லியிருந்தால் மூன்று நாளைக்கு வீட்டில் பேச்சு இருந்திருக்காது. விலையைக் குறை சொன்னால் யாருக்குக் கோபம் வரும்? எங்கள் ஆட்களின் வீடுகளில் பாதிச் சண்டை இப்படித்தான் நடக்காமல் போகிறது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பெப்ரவரியில், புலம்பெயர்ந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் இருந்த அவர்களுடைய பலசரக்குக் கடைக்குள் இரண்டு பேர் புகுந்தார்கள். ஒருவன் இராஜரட்ணத்தின் கழுத்தில் கத்தியை வைத்தான், மற்றவன் கல்லாவைத் துடைத்தான். எல்லாம் இரண்டு நிமிடம். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது, அவ்வளவுதான். அன்றிலிருந்து கதவு மணி கேட்டால் மனுசனுடைய முகம் வெளிறிவிடும். கடைக்கு வந்துபோகும் வெள்ளைக்காரர் ஒருவர் ஒஷாவாப் பக்கம் இருந்த துவக்குச் சுடும் கிளப் ஒன்றுக்கு அவரைக் கூட்டிப்போனார். குறிபார்த்துச் சுட்டுவிட்டு வந்த நாட்களில் இராஜரட்ணம் வயிறாரச் சாப்பிட்டார். அதைப் பார்த்து அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். துவக்கு வாங்க அனுமதிப் பத்திரத்துக்கு அவர் விண்ணப்பித்தபோது பொலிஸில் இருந்து அவளுக்கு ஃபோன் வந்தது. மனைவிக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். "இல்லை" என்றாள். முன்பின் தெரியாத ஒருவனிடம் புருசனைக் காட்டிக்கொடுப்பதா? கடைசியில் விலை என்று ஒன்று இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள். நினைத்தபடியே இராஜரட்ணம் பிஸ்டலின் விலையைச் சொன்னபோது, "உது விலை கூடவெல்லே. குறைஞ்சால் பாப்பம்" என்று முடித்துவிட்டாள்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. பின்னேரம் இரண்டு மணி இருக்கும். பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று விலை ஒட்டிக்கொண்டிருந்தவளின் முன்னால் இராஜரட்ணம் ஒரு கடதாசியை நீட்டினார்.

"கமலி, இதை ஒருக்கா வாசி. கொம்பனிக்காரன் நூறு டொலர் ரிபேட் குடுக்கிறான். பெட்டி லேபிளும் ரசீதும் தபாலிலை அனுப்பினால் செக் வரும். இண்டைக்குத்தான் கடைசி நாள்."

ரிபேட் என்றால் அவளிடம்தான் வரவேண்டும். சவர்க்காரத்தில் இருந்து டோஸ்டர் வரைக்கும் லேபிள் வெட்டி, ரசீது ஒட்டி, ஒரு செக்கையும் தவறவிடாதவள் என்று அஜின்கோர்ட்டுக்கே தெரியும். அவள் வாசித்தாள். பொடி எழுத்தையும் வாசித்தாள். ஏதாவது ஓட்டை இருக்காதா என்று இரண்டாம் தரமும் வாசித்தாள். ஒன்றும் இல்லை. சுத்தமான ரிபேட்.

"நீதானே சொன்னனீ, குறைஞ்சால் பாப்பம் எண்டு."

"ஓம், சொன்னனான்தான்."

"பிறகென்ன? கடை அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவான். ஒஷாவாவுக்கு ஒரு மணித்தியாலம் ஓடோணும்."

அவள் கடதாசியின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். "வாங்கினாலும் வீட்டிலை பூட்டித்தானே வைக்கோணும். கிளப்புக்கு மட்டும்தானே கொண்டு போகலாம்?"

"ஓம், ஓம். சட்டம் அப்பிடித்தான்."

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். கல்லாவுக்குக் கீழ்த்தட்டில் இருந்த பிளாஸ்டிக் பைகளை அவர் போன கிழமையே வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிஸ்டல் கிடக்கும் அளவுக்கு ஒரு துவாயை மடித்து வைத்திருந்தார். அவள் கண்டவள்தான். ஏன் என்று கேட்கவில்லை.

கண்டது அது மட்டுமல்ல. அதே கிழமை, செவ்வாய்க்கிழமை காலை, மேல்மாடிக் குடியிருப்பில் இருக்கும் செலீன் அன்ரி கடைக்கு வந்தா. எழுபது வயதுக்காரி. கோதுமை மாப் பைக்கற்றின் விலையைப் பார்க்க, மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கோட்டுப் பைக்குள் சடாரென்று கையை விட்டா. அந்தக் கணத்தில் இராஜரட்ணத்தின் கை மீன் வெட்டும் கத்தியைத் தூக்கியது. கமலாம்பிகை பின்னறை வாசலில் அரிசிப்பையோடு நின்றாள். கண்ணாடி வெளியே வந்ததும் கத்தி மெல்லக் கீழே இறங்கியது. அன்ரி எதையும் காணவில்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று இராஜரட்ணமும் நினைத்துக்கொண்டார். அன்றைக்குக் கையில் இருந்தது கத்தி. ஓங்குவதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் ஒரு மேசை இருந்தது. பிஸ்டலுக்கு மேசை என்ன செய்யும்? அன்ரி செத்திருப்பா. இவர் மறியலில் கம்பி எண்ணியிருப்பார்.

"நான் போட்டு வாறன்," என்று இராஜரட்ணம் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தார். "அந்தப் படிவத்தை நிரப்பி வை."

வரி இருக்கிறதே, பெற்றோல் செலவு இருக்கிறதே, ரிபேட் செக் வர இரண்டு மாதம் பிடிக்குமே என்று அவளுடைய மூளை பழைய பாதையிலேயே ஓடியது. நூறு டொலருக்கு எதிராக இன்னொரு நூறு டொலரைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் கதவடிக்குப் போய்விட்டார்.

"வேண்டாம்."

இராஜரட்ணம் திரும்பினார். "என்ன, இன்னும் விலை கூடவோ?"

"சும்மா தந்தாலும் வேண்டாம். எனக்குக் கள்ளருக்குப் பயமில்லை. உங்களுக்குத்தான் பயம்." அவள் கடதாசியைப் பருப்பு மூட்டைமேல் போட்டாள். "போன செவ்வாய்க்கிழமை நான் வாசலிலை நிண்டனான். செலீன் அன்ரிக்கு நீங்கள் கத்தி தூக்கினதைக் கண்டனான். பொலிஸ் கேக்கேக்கையும் பொய் சொன்னனான். இனி என்னாலை ஏலாது."

அவருடைய முகம் கோபத்தில் சிவக்கும் என்று காத்துக்கொண்டு நின்றாள். சிவக்கவில்லை. மனுசன் கதவில் சாய்ந்து, அப்படியே சறுக்கி, வெங்காயப் பெட்டியின்மேல் குந்தினார்.

"ஆளை நான் பாக்கேல்லை, கமலி. கையை மட்டும்தான் பாத்தனான். அது அன்ரி எண்டு பிறகுதான் தெரிஞ்சது."

அவள் கதவடிக்கு வந்தாள்.

"துவக்கு ஒண்டு கிடந்தால் எப்பிடியும் நிண்டு சமாளிச்சுப்போடுவன் எண்டு நினைச்சன். எனக்கு இந்தக் கடைக்குள்ளை நிக்க ஏலாமல் கிடக்கு. ஆறு வருசமாய் ரெண்டு பேரும் மாடாய் உழைச்ச கடை. அதை உன்னட்டை என்னெண்டு சொல்லுறது?"

அவளுக்கு அழுகை வந்தது. மூன்று மாதமாக இந்த மனுசன் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, துவக்குக்கு விலை கேட்டுத் திரிந்திருக்கிறார். தானும் பக்கத்திலேயே நின்று விலை பேசியிருக்கிறாள். அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்த ஆத்திரம் அதிகம்.

"இப்ப சொல்லிப்போட்டீங்கள்தானே," என்றாள்.

அவருடைய கையில் இருந்த கார்த் திறப்பை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டாள். வாரத்தில் ஆகக் கூடுதலாக வியாபாரம் நடக்கும் நேரத்தில், உள்ளே வர நின்ற இரண்டு பேரிடம் திங்கட்கிழமை வரச்சொல்லிவிட்டு, கடையைப் பூட்டினாள். பிறகு இன்னொரு வெங்காயப் பெட்டியை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.