கல் மாதிரி நின்ற நிலையம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஒரு வார்த்தைகூட சேர்த்துச் சொல்லவில்லை. நேரமெல்லாம் செல்போனில் பார்த்தது.

என் பெயர் முத்துராஜ். திருச்சுழியில் வாடகை வீடு. அருப்புக்கோட்டையில் ஒரு உரக்கடையில் வேலை. மனைவி துர்காதேவி பக்கத்து ஊர் அங்கன்வாடிக்குப் போகிறாள். காலை எட்டரைக்கு இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவோம். அவள் நாலரைக்குத் திரும்புவாள். நான் ஏழு மணிக்கு. சாவி இரண்டு. ஆளுக்கொன்று.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. கரண்ட் போனால் அப்போதே அணைந்துவிடும் ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டரில் ராக்கெட் விடும் விளையாட்டு. நிஜ ராக்கெட்டுக்கு உள்ள கணக்கெல்லாம் அதிலும் உண்டு. பதினோரு மாதம் பாடுபட்டு பூமிக்கு மேலே ஒரு விண்வெளி நிலையம் கட்டியிருந்தேன். பகுதி பகுதியாக அனுப்பி, ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி, மொத்தம் ஏழு பகுதி. நீளம் கூடக்கூட அது ஆடத் தொடங்கியது. திறந்து ஐந்து நிமிடம் ஆனால் பாம்பு மாதிரி நெளியும். விட்டால் உடைந்துபோகும். தானாக நிலைப்படுத்தும் வசதியைப் போட்டால் இன்னும் மோசமாக ஆடும். கையால்தான் அடக்க வேண்டும். இடப்பக்கம் ஆடும்போது வலப்பக்கத்துக்கு ஒரு சின்னத் தட்டு. கையை எடுத்துவிட வேண்டும். பொறுத்து இன்னொரு தட்டு.

அந்தப் பக்குவம் எனக்கு வரவே இல்லை. சொல்லிக்கொடுத்தவன் என் கூட்டாளி அய்யப்பன். அருப்புக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் தட்டினால் நிலையம் அடங்கிவிடும்.

போன ஏப்ரல். திங்கட்கிழமை இரவு 7:20. விளையாட்டைத் திறந்தேன். நிலையம் ஆடவில்லை. கல் மாதிரி நின்றது. 61 சதவீதம் இருந்த எரிபொருள் 58 ஆகியிருந்தது. விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரம் நாற்பது நிமிடம் முன்னே போயிருந்தது.

யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

"கம்ப்யூட்டரத் தொட்டியா?"

"எனக்கு அத ஆன் பண்ணவே தெரியாதுங்க," என்றாள் துர்கா.

செவ்வாய்க்கிழமை 55. புதன்கிழமை 52. ஒவ்வொரு நாளும் அதே நாற்பது நிமிடம்.

இப்படி அடக்க எனக்குத் தெரிந்து ஒருவனால்தான் முடியும். சரி, அவன் எப்படி உள்ளே வந்தான்? கதவு உடையவில்லை. ஒரு சாவி என் பையில். இன்னொன்று...

அந்த நினைப்பு வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

"ஏன் ஒரு மாதிரியா இருக்கீக?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

வியாழக்கிழமை காலையில், அவள் பார்க்காதபோது பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கி வைத்தேன். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஊருக்குள் வராமல், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கருவேலங்காட்டு வழியாக நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. செல்போனைச் சத்தம் வராமல் வைத்தேன்.

மணி 1:52. பின்கதவைத் தள்ளி அடுக்களைக்குள் நுழைந்தேன்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. கீழே இடுக்கில் நீல வெளிச்சம். உள்ளே கம்ப்யூட்டர் ஓடும் சத்தம். ர்ர்ர்ர்...

அப்புறம் அது.

டக்.

டக்... டக்.

விசைப்பலகையில் யாரோ தட்டுகிறார்கள். விட்டு விட்டு. பொறுமையாக.

அகப்பட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். அய்யப்பன் நம்பரை அழுத்தினேன். உள்ளே மணி அடிக்கும். கதவை உதைக்கலாம்.

உள்ளே மணி அடிக்கவில்லை.

"ஏலே, சொல்லு." காதில் அய்யப்பன். பின்னால் பஸ் ஹாரன். "கடையில கூட்டமா இருக்கு. அப்புறம் பேசட்டுமா?"

இணைப்பைத் துண்டித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம்...

டக்.

மணி 2:03. கதவைத் தள்ளினேன்.

யாரும் இல்லை.

ஜன்னல் உள்ளே கொக்கி போட்டபடி இருந்தது. நாற்காலி மேசையை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது. காலையில் நான் அதைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போனேன்.

திரையில் என் நிலையம். லேசாக ஆடியது.

என் கண் முன்னாலேயே ஒரு விசை அமுங்கியது. டக். நிலையம் திரும்பியது. நின்றது.

நாற்காலியைத் தொட்டேன். ஏப்ரல் மாத வெயிலில் அது சில்லென்று இருந்தது.

என்ன தைரியத்தில் செய்தேனோ தெரியாது. அந்த விசையின் மேல் விரலை வைத்தேன்.

ஏற்கெனவே அமுங்கியிருந்தது.

என் விரலுக்கு அடியில் மெல்ல மேலே வந்தது...

பயத்தில் பக்கத்து விசையை அழுத்திப் பிடித்தேன். நிலையம் நெளிந்தது.

வலது காதருகே ஒரு சத்தம்.

"ச்சு..."

தப்பாகச் செய்யும் பிள்ளையைப் பார்த்து உச்சுக்கொட்டுவது போல.

மணி 2:09.

ஓடினேன்.

பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். 4:25க்கு துர்கா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிந்து வந்ததையும்.

அவள் நின்றுவிட்டாள்.

"பேயிருக்கட்டும். நீங்க என்னையச் சந்தேகப்பட்டுத்தான வந்தீக?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட்டிருந்தா என் சாவியவே குடுத்திருப்பேன்ல..." என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

வீட்டு வாசலில் கரண்ட் கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. மேலே லைன்மேன் ஆண்டிச்சாமி அண்ணன்.

"என்ன முத்துராஜு, வெள்ளனத்துலயே வந்துட்ட?" என்றார். "செத்த பொறு. ஊருக்கே காலையில ஒம்பதே காலுக்கு கரண்ட ஆஃப் பண்ணுனது. மாசாமாசம் பாக்குற வேலதான். அஞ்சு மணிக்கு வந்துரும்."

"நடுவுல... ஒரு ரெண்டு மணி வாக்குல... விட்டீகளாண்ணே?"

"ஒரு நிமிசங்கூட விடல. விட்டாலும் ஒன் வீட்டுக்கு எப்படி வரும்?" கீழே கையைக் காட்டினார். "ஒங்க வயரு பூராம் இத்துப்போச்சு. பத்து மணிக்கே அவுத்துப் போட்டுட்டேன். புதுசு இனிமேத்தான் மாட்டணும்."

எங்கள் வாசற்படியில் அந்த வயர் சுருட்டிக் கிடந்தது. இரண்டு முனையும் வெட்டியபடி.

துர்கா என் கையைப் பிடித்தாள்.