பனி விழாத வெள்ளை

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவை போகும் பஸ் டயர் மாற்றுவதற்காக ஒரு வளைவில் நிற்கிறது. மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், எனக்கு உள்ளூர சந்தோஷம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் பிடிக்கும்படி மாற்றிய என் பழைய கேமராவை எடுத்துத் தேயிலைச் சரிவைப் படம் பிடிக்கிறேன். திரையில் மலை முழுக்க வெள்ளை.

இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா எட்டிப் பார்க்கிறார். முகம் மாறிவிடுகிறது.

"ஐயோ, பனி அடிச்சிருச்சா?"

உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். சட்டென்று குனிந்து பக்கத்துச் செடியைத் தடவிப் பார்க்கிறார்.

"பனி இல்லக்கா. நல்லா இருக்கிற இலை இதுல வெள்ளையாத் தெரியும். சீக்கு வந்தது கறுத்துத் தெரியும்."

கேமராவை வாங்கி உற்றுப் பார்க்கிறார். வெள்ளைக்கு நடுவே இருக்கும் ஒரே கறுப்புத் திட்டில் விரலை வைக்கிறார்.

"அப்ப இது?"

நிமிர்ந்து அந்தச் செடியைப் பார்க்கிறேன். மற்றவை போலவே பச்சையாகத்தான் நிற்கிறது.

"கேமராக் கோளாறா இருக்கும்க்கா."

"கோளாறெல்லாம் இல்லீங்க. அதுக்கு வேர் அழுகிப் போச்சு. ரெண்டு வாரமாச் சொல்றேன், யாரு கேக்குறாங்க?"

டயர் மாட்டியாகிவிட்டது. டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். மேல் பாதையில் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா வருகிறார். அக்கா கேமராவைத் திருப்பித் தருவதாக இல்லை. எனக்கும் கேட்க மனமில்லை.

"கண்டாக்கையா, இங்க வாங்க! நான் சொன்னா நம்பல, இந்தப் பொட்டி சொன்னாலாவது நம்புவீங்கள்ல?"