மைக் அக்கா வாங்கிய ஹெட்போன்

பேருந்து நிலையத்தில் அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஓட்டுநர், நடத்துநர், கழிவறை வாசலில் சில்லறை வாங்குகிறவர் வரை அனைவருக்கும் அவள் மைக் அக்கா. கண்ணாடி போட்ட சின்ன அறை, கடகடக்கும் மின்விசிறி, ஒரு மைக். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை யாரைத் தேடி அழுகிறது, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரிய வேண்டும். வண்டி வராவிட்டால் திட்டும் அவளுக்குத்தான். ஏதோ அவள்தான் வண்டியை ஒளித்து வைத்திருப்பது போல ஜனங்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள்.

பொழுதுக்கும் இப்படிக் கத்திவிட்டு வருகிறவளிடம் பேச்சு எங்கிருந்து மிஞ்சும்? வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாயையும் கழற்றி வைத்துவிடுவாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் அவளும் கணவரும்தான். அவர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இயந்திரம் அவருக்குக் காது மந்தத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தது.

இருவருக்கும் பொதுவான பைத்தியம் ஒன்று உண்டென்றால் அது ஹாம் ரேடியோ. முறையாகப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள். கூரைமேல் ஒரு கம்பி, மேசைமேல் அனுப்பவும் வாங்கவும் ஒரு பெட்டி. அதை வைத்துக்கொண்டு முகம் தெரியாதவர்களோடு உறவாடலாம். அவர் பேசுவார். அவளோ வீட்டில் மைக்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குத் தந்தி மொழிதான், அதாவது மோர்ஸ். விரலால் தட்டினால் போதும், தொண்டைக்கு வேலையில்லை.

ஆனால் தட்ட விட்டால்தானே? சாயங்காலம் ரேடியோ நண்பர்கள் கூடும் நேரத்தில் அவர் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடுவார். இரைச்சலோடு கலந்து குரல்கள் வரும். நிமிஷத்துக்கொரு தடவை, "என்ன சொல்றாரு?" என்பார். அவள் கேட்டு, அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து, உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். யாருக்கோ மூட்டுவலி. யாருடைய ஆன்டெனாவோ காற்றில் சாய்ந்துவிட்டது. பகலெல்லாம் வண்டிகளை அறிவித்தவள் மாலையில் மூட்டுவலியை அறிவித்துக்கொண்டிருப்பாள்.

பழைய பெட்டி ஒருநாள் உயிரை விட்டது. புதியது வாங்கக் கடைக்குப் போனார்கள். பெட்டியோடு ஒரு கை மைக்கும் மின்கம்பியும்தான் வரும், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம் என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மேசை மைக், தனி ஸ்பீக்கர், ஹெட்போன், அப்புறம் தீப்பெட்டி அளவில் இரண்டு ஃபில்டர். ஒன்று இரைச்சலை வெட்டிவிட்டுக் குரலை மட்டும் உள்ளே விடும். மற்றது மோர்ஸ் ஒலியை மட்டும் தனியே பிரித்துத் தரும்.

"ரெண்டையும் போட்டுடுங்க," என்றாள்.

"இந்த மாடல்ல ஒண்ணுக்குத்தான் இடம் இருக்குக்கா. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மோர்ஸ் ஃபில்டர்மேல் அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் ஒரே ஒரு ஒலி மட்டும் சுத்தமாகக் காதில் விழுமாம். கணவரும் முந்திக்கொண்டு, "அவளுக்குத் தந்தி ஃபில்டரையே குடுங்க. எனக்கு இப்படியே இருக்கட்டும், பழகிடுச்சு," என்றார்.

என்னமாய் விட்டுக்கொடுக்கிறார் மனுஷன் என்று அவளுக்கு மனம் இளகியது. கூடவே வேறொரு யோசனையும் ஓடியது. குரல் தெளிவாகிவிட்டால் இவர் தானே கேட்டுக்கொள்வார், நம்மை விட்டுவிடுவார். சாயங்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கலாம். அந்த நினைப்பிலேயே பாதி அலுப்பு போய்விட்டது.

"குரலுக்கு உள்ளதையே போடுங்க," என்றாள். கணவர் முகம் ஏனோ சுருங்கிப் போயிற்று.

போட்டார்கள். குரல்கள் பக்கத்து அறையில் பேசுவது போல வந்தன. அடுப்படியில் நின்ற அவளுக்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள், "இங்க வாயேன், என்ன சொல்றாரு?" என்று அழைப்பு வந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தனி ஸ்பீக்கர் ஒன்று வாங்கி அவர் காதுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். அதற்கும் அதே கேள்விதான். மறுபடி கடைக்குப் போய், "எதப் போட்டாலும் இவருக்கு விழமாட்டேங்குது. காதோட ஒட்டி வைக்கிற மாதிரி ஏதாவது குடுங்க," என்று கெஞ்சாத குறையாகக் கேட்டு, கனமான ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்தாள்.

மறுநாள் ஒரே மழை. ஒரு வண்டியும் நேரத்துக்கு வரவில்லை. திட்டு வாங்கி, பதில் சொல்லி, வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் குரல் கட்டிப் போயிருந்தது. கணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அறையில் சத்தமே இல்லை. திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மைக்கை எடுத்து, "அப்ப உங்க மாமியார் ஏணிய எடுத்துட்டுப் போனப்புறம் நீங்க கூரையிலயே உக்காந்திருந்தீங்களா?" என்று கேட்டார். வந்த பதிலுக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

அவள் கைப்பையை மேசையில் வைத்தாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, ஹெட்போனைக் கழற்றினார். பழக்கதோஷம் விடவில்லை.

"வந்துட்டியா? இவரு என்னமோ சொல்றாரு, சரியா விழல. நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

"ஏணியப் பத்திதானே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஹெட்போன் கம்பியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து நல்லா கேக்குது?"

"அந்த ஃபில்டர் போட்ட அன்னையிலேர்ந்து."

"அப்புறம் எதுக்குங்க என் உயிர வாங்குனீங்க? என் தொண்டை படற பாடு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார். "ஊருக்கெல்லாம் பேசற. எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. அடுத்தவன் மூட்டுவலியா இருந்தாலும் பரவால்ல, உன் வாயால கேக்கலாமேன்னுதான்..."

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தன்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன்னைப் பற்றி இவரிடம் ஏதாவது சொல்லி எவ்வளவு காலம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

"எனக்கு முடியலங்க," என்றாள். கட்டிப்போன தொண்டையில் தனக்கே கேட்காத அளவுக்குத்தான் அது வந்தது.

என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.