ஜூன் ஒண்ணாம் தேதிப் பிள்ளைகள்

ரிடையரான மறு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு சூசைமாணிக்கம் வாத்தியார் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனை வரை போன பிறகுதான் போக இடமில்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து கோட்டைக் கழற்றினார். கால் மணி நேரத்தில் மறுபடி மாட்டினார். ஒரு நாளா, இரண்டு நாளா? ஆவணி பிறந்தும் மனிதர் அடங்கவில்லை. குட்டி போட்ட பூனையாய் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். சோறு பாதி தட்டிலேயே காய்ந்தது.

"ஒரு எடத்துல உக்காருங்களேன். பாக்குற எனக்குக் காலு வலிக்குது" என்று அதட்டுவாள் அவர் மனைவி வியாகுலமேரி. வாய்தான் அதட்டியது. இப்படியே போனால் அடுத்த ஈஸ்டருக்கு இவர் இருக்க மாட்டார் என்று அவளுக்குப் பயம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஐம்பத்தைந்தில் ரிடையர் என்று அனுப்பப்பட்டவருக்கு உண்மையில் ஐம்பத்திரண்டுதான். பதினைந்து வயதில் தகப்பன் செத்து, மூன்று தங்கைகளோடு நடுத்தெருவில் நின்றவர். அவருடைய வாத்தியார் மனமிரங்கி, சர்டிபிகேட்டில் மூன்று வயதைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். பதினெட்டு ஆகிவிட்டது என்று புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. மீசை முளைக்காத வாத்தியார்! 1948இல் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து, கட்டுக் கட்டாகக் காகிதங்கள் திருச்சிக்கு லாரி ஏறியபோது அந்தப் பொய்யும் கூடவே ஏறியது.

வாங்கின கை சும்மா இருக்குமா? மாடு மேய்த்துவிட்டு ஒன்பது வயதில் வரும் பிள்ளைக்கு வாத்தியார் ஆறு என்று போடுவார். "லேட்டா வந்தது பிள்ளை குத்தமா?" என்பார். பிறந்த தேதி எல்லோருக்கும் ஜூன் ஒன்று. சட்டை வாங்கிக் கொடுத்தார், சோறு போட்டார், அதை நாலு பேர் செய்வார்கள். வயதைத் தானம் செய்த ஆளை எங்கே தேடுவது?

வியாகுலமேரிக்கு ஒரு யோசனை வந்தது. ஆவூர்க் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறதே! சாமியாரிடம் மன்றாடி நகல் வாங்கினாள். பிறந்த வருஷம் 1904 என்று தெளிவாக இருந்தது. புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். மூன்று வருஷப் பள்ளிக்கூடம் திரும்பக் கிடைத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

கல்வி ஆபீசில் கிளார்க் ஆத்மநாதன் பதறி எழுந்து நாற்காலி போட்டான். அவரிடம் படித்தவன்.

"கோயில் சீட்டு பலமா இருக்கு சார். மனுவுல ஒரு வரி மட்டும் சேக்கணும். பள்ளிக்கூடத்துல எழுதுற வயசு வாத்தியாருங்க உத்தேசமா போடுறது, நம்ப முடியாதுன்னு. அனுபவப்பட்ட நீங்களே எழுதுனா மேல ஒத்துக்குவாங்க."

பேனாவை வாங்கிய வாத்தியார் எழுதவில்லை. "ஒன் பொறந்த தேதி என்னப்பா?"

"ஜூன் ஒண்ணு சார். நீங்க போட்டதுதானே!" என்று சிரித்தான் ஆத்மநாதன். சிரிப்பு பாதியில் நின்றது.

வாத்தியார் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "வாரேன்ப்பா" என்று எழுந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் வியாகுலமேரி வெடித்தாள். "ஊருக்கெல்லாம் வயசை அள்ளிக் குடுத்தீங்க. ஒங்களுக்கு மூணு வருசம் கேட்டா கை வரலையா? நீங்க செத்துப்போனா நான் எங்கிட்டுப் போவேன்?"

"நம்ப முடியாதுன்னு நானே கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒருத்தன் அந்தப் பயலுக ரெஜிஸ்டரத் தோண்டுவான் மேரி. எத்தனை பேரு வேலையில இருக்கானுக. என் மூணு வருசத்த நான் பதினஞ்சு வயசுலயே வாங்கித் தின்னுட்டேன். ரெண்டு தடவை கேக்கலாமா?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. பஸ் கீரனூர் தாண்டும் வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் அடங்கினாரா? அதுதான் இல்லை. மறுநாளே கோட்டை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பட்டிகளுக்கு நடந்தார். கடலைக் காட்டில் நின்று, களை பறிக்கும் தாய்மாரோடு மல்லுக்கட்டினார். பிடித்த பிள்ளையைப் புது வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டு, "பாத்து எழுதுங்க, லேட்டா வந்த பிள்ளை" என்பார். உட்காரத் தெரியாத அந்தக் கால்கள் இன்னும் பன்னிரண்டு வருஷம் ஓடின. 1968 சித்திரையில் ஒரு காலை, செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அடக்கத்துக்கு முன்னால் உபதேசியார் சந்தனசாமி கோயிலின் மரணப் புத்தகத்தைத் திறந்தார். "வாத்தியாரம்மா, வயசு என்ன போடட்டும்?"

"அறுபத்தேழு."

சந்தனசாமி பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதுல அறுபத்து நாலுதானங்க வருது? நீங்ககூட ஒரு தடவை நகல் வாங்கிட்டுப் போனீங்களே?"

வியாகுலமேரி நிமிர்ந்து பார்த்தாள். சவப்பெட்டியைத் தூக்க ஆத்மநாதன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். அவனோடு போஸ்ட்மேன் ஒருவன், கண்டக்டர் ஒருவன், பெயர் தெரியாத இன்னும் பலர், கண் வீங்கி நின்றார்கள். ஞாயிறு பூசை ஒன்றுகூடத் தவறவிடாதவள் அவள். ஆனால் அன்றைக்கு நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

"கோயில் புத்தகத்துலதான் தப்பா எழுதியிருக்காங்க. பள்ளிக்கூடத்துல எழுதுனது சரி. அறுபத்தேழுன்னே போடுங்க."